நாடகத்துக்குப் பத்திரிகை வைத்தவர்

கடத்தூர்ப் பக்கம் கல்யாணத்துக்கு மண்டபம் தேடுகிறவர்கள், "செங்கம்மாள் மகாலுக்குப் போறேன்" என்று சொல்வது குறைவு. "நிர்மலாவப் பாத்துட்டு வந்தர்றேன்" என்றுதான் கிளம்புவார்கள். மண்டபம் நிர்மலாவுடையது அல்ல. சொந்தக்காரர் மாதவராஜ் ஓசூரில் பட்டறை வைத்திருக்கிறார்; அம்மா பேரில் மண்டபத்தைக் கட்டிவிட்டு, வருடத்துக்கு நாலு தடவை வந்து பார்த்துவிட்டுப் போவார். சாவி, தேதி, பாத்திரம், ஜெனரேட்டர், மணப்பெண் அறையின் குழாய் ஒழுகுவது வரை எல்லாம் மேனேஜர் நிர்மலாவின் கையில்.

நான் மின்வாரியத்தில் ரீடிங் எடுக்கிறவன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எல்லா வாசலிலும் ஏறி இறங்குவதால், யார் வீட்டில் என்ன நடக்கிறது என்பது கொஞ்சம் தெரியும். நிர்மலாவைப் பதினாறு வருடமாகத் தெரியும். பாப்பாரப்பட்டியில் பிறந்தவர். கல்யாணமாகி கடத்தூருக்கு வந்தார். கணவர் போர்வெல் மோட்டார் ரிப்பேர் செய்கிறார். மகள் படித்துவிட்டுக் கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறாள். மண்டபத்தில் முதலில் அவர் பாத்திரம் எடுத்துக் கொடுத்து, எண்ணி வாங்கி வைக்கிற வேலைக்குத்தான் சேர்ந்தார்.

மேனேஜர் ஆனது ஒரு தவறினால். பழைய மேனேஜர் ஒரே தேதியை, ஒரே முகூர்த்தத்தை, இரண்டு வீட்டாருக்குக் கொடுத்துவிட்டார். கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போதுதான் விஷயம் வெளியே வந்தது. இரண்டு பக்கத்து ஆண்களும் மண்டப வாசலில் நின்று சத்தம் போட, மேனேஜர் பின்பக்கமாகப் போனவர் போனவர்தான். நிர்மலா ஆண்களிடம் பேசவே இல்லை. இரண்டு கல்யாணப் பெண்களின் அம்மாக்களையும் கூட்டிக்கொண்டு போய் ஸ்டோர் ரூமில் உட்கார வைத்தார். பேசிப் பார்த்ததில், ஒரு வீட்டுக்கு ஜோசியர் விடியற்காலை நாலரை முகூர்த்தமும் சேர்த்துக் குறித்துக் கொடுத்திருந்தது தெரிந்தது. ஒரு கல்யாணம் நாலரைக்கு, இன்னொன்று ஏழரைக்கு. சமையல் ஒன்றுதான்.

"ரெண்டு வூட்டுக்கும் ஒரே சாம்பாருங்க," என்று நிர்மலா இப்போதும் சிரிப்பார். "ரெண்டு வூட்டுக்காரங்களும் எங்கிட்ட தனித்தனியா வந்து, 'எங்க சாம்பாருதான் நல்லாருந்துச்சு, அவங்கது கொஞ்சம் தண்ணி'ன்னுட்டுப் போனாங்க."

அதற்கப்புறம் மாதவராஜ் வேறு மேனேஜர் தேடவில்லை.

எந்த மண்டபத்துக்கும் வருடத்தில் மூன்று மாதம் உயிர் இருக்காது. ஆடியில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை, மார்கழியிலும் இல்லை, புரட்டாசியிலும் பெரும்பாலும் இல்லை. அந்த மாதங்களில் நான் ரீடிங் எடுக்கப் போனால் மீட்டர் நகர்ந்திருக்காது. நிர்மலா மட்டும் வாசலில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். இரண்டு வருடத்துக்கு முந்தைய ஆடி மாதம் அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் வெண்மதி என்ற பெண் ஸ்கூட்டியில் வந்து இறங்கினார்.

வெண்மதிக்கு முப்பது வயது இருக்கும். சேலத்தில் நூல் மில் நடத்திய ஒரு குடும்பம், சின்ன ஊர்களுக்கு நாடகம், கூத்து, பாட்டு இதையெல்லாம் கொண்டுபோக வேண்டும் என்று ஓர் அறக்கட்டளை ஆரம்பித்திருந்தது. கலைஞர்களுக்கான சம்பளமும் வேன் செலவும் அவர்கள் பொறுப்பு. இடமும் ஆளும் உள்ளூரில் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த யாரோ ஒருவரைத் தேடித்தான் வெண்மதி ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தார். அதற்கு முன் இரண்டு ஊர்களில் மண்டபம் கிடைக்கவில்லை.

"என்னா விசேஷமுங்க?" என்று கேட்டார் நிர்மலா.

"நாடகங்க்கா."

"விடிய விடியவா?"

"இல்லக்கா. ஒன்றர மணி நேரம். பொழுதோட அஞ்சரைக்கு ஆரம்பிச்சா ஏழுக்கு முடிஞ்சிரும். எல்லாரும் பஸ் புடிச்சு வூட்டுக்குப் போயிரலாம்."

நிர்மலா எழுந்து போய் ஹால் கதவைத் திறந்து, வெண்மதியை உள்ளே கூப்பிட்டு, மேடையைக் காட்டினார். பெரிய மேடை. பக்கத்தில் உடை மாற்ற இரண்டு அறைகள். ஐந்நூறு நாற்காலிகள்.

"இந்த மேடைல எத்தனையோ ஜோடி ஏறி எறங்கியாச்சு," என்றார். "எல்லாம் வந்து நிக்கும், போட்டோ எடுக்கும், எறங்கிரும். நின்னதத் தவிர யாரும் இதுல ஒண்ணும் செஞ்சதில்ல."

அங்கேயே நின்று மாதவராஜுக்கு போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டதால் வெண்மதிக்கும் எல்லாம் கேட்டது.

"ஆடி மாசம் மண்டபத்தத் தெறக்கறதா? யாரு வர்றாங்க?"

"நாடகக்காரங்க வர்றாங்கண்ணா."

"வாடக?"

"அது இல்லீங்க."

அவர் அடுத்ததைக் கேட்பதற்குள் நிர்மலாவே தொடர்ந்தார்.

"பூட்டியே கெடந்தா எலிதான் குடும்பம் நடத்துதுங்கண்ணா. போன ஆடில மணவறச் சோபாவக் கடிச்சு வெச்சுச்சே, மறந்துட்டீங்களா? நாலு பேரு வந்து போனா எலி வராது."

எலிக் கணக்கு வேலை செய்தது. கரண்ட் பில் மட்டும் தன் தலையில் விழக் கூடாது என்றார் மாதவராஜ். அதை அறக்கட்டளை ஏற்றுக்கொள்ளும் என்று வெண்மதி தலையாட்டினார். இப்படித்தான் ஆரம்பித்தது.

ஆடி ஐந்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. பஸ் ஸ்டாண்டில் ஒரு பேனர், கடைவீதியில் ஒரு பேனர், ஆட்டோவில் இரண்டு நாள் மைக் அறிவிப்பு. நிர்மலா முந்நூறு நாற்காலி போட்டு வைத்தார். வந்தது பதினான்கு பேர். அதில் ஐந்து பேர் மண்டபத்தில் வேலை செய்கிறவர்கள். நானும் அந்தப் பதினான்கில் ஒருவன். ஆனால் நாடகம் பார்க்கப் போனேன் என்று சொன்னால் பொய். தங்கை மகளுக்கு ஆவணியில் தேதி இருக்கிறதா என்று கேட்கப் போனேன். நிர்மலா, "மொதல்ல உக்காருங்க" என்று என்னைப் பிடித்து முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டார்.

நாடகத்தின் பெயர் 'வரப்பு மரம்'. மூன்றே பேர். இரண்டு பேர் அண்ணன் தம்பி. மூன்றாவது, எழிலரசி என்ற பெண், ஒரு மாமரம். கையை விரித்துக்கொண்டு நடுமேடையில் நிற்பார். மரம் சரியாக வரப்பு மேல் நிற்பதால், அது யாருக்குச் சொந்தம் என்று அண்ணன் தம்பிக்குள் சண்டை. அண்ணன் மரத்தின் ஒரு கையில் துண்டைப் போடுவான். தம்பி இன்னொரு கையில் சோற்றுத் தூக்குப்போசியை மாட்டுவான். மரம் நம்மைப் பார்த்து, "ரெண்டு பேரும் சேந்து எனக்கு ஒரு கொடம் தண்ணி ஊத்துனதில்லீங்க" என்று முறையிடும். கடைசியில் வெட்டிப் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்று முடிவெடுக்கிறார்கள். கோடாலி விழுகிறது. மரம் சாய்கிறபோது, இரண்டு பேருமே அறியாமல் ஓடிவந்து ஆளுக்கொரு பக்கம் தாங்கிக்கொள்கிறார்கள். அதோடு முடிகிறது.

பதினான்கு பேருக்கும் அவர்கள் ஒரு வசனத்தைக்கூடக் குறைக்கவில்லை. சமையல் மாஸ்டர் சென்றாயன் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அவருக்கும் அவர் தம்பிக்கும் ஒரு கிணற்றுத் தகராறு இருப்பது ஊருக்கே தெரியும். கடைசியில் மரம் சாய்ந்தபோது அவர் எழுந்து பின்பக்கம் போய்விட்டார். நிர்மலா அழுதார். அழுததை மறைக்கவும் இல்லை.

ஆனால் மறுநாள் காலை அவரைப் பார்த்தபோது முகம் வாடியிருந்தது. "எங்க வூட்டு விசேஷத்துக்கு ஆள் வராத மாதிரி இருக்குங்க," என்றார். "அந்தப் புள்ளைங்க அவ்வளவு தூரத்துல இருந்து வந்து, காலி சேரப் பாத்துக் கும்புட்டுட்டுப் போனாங்க."

வெண்மதிக்கும் கவலை. அடுத்த முறை அதே நாடகத்தைப் போடும்போதும் ஆள் வராவிட்டால் இந்தப் பகுதியை விட்டுவிட்டு வேறு மாவட்டத்துக்குப் போகலாம் என்று அறக்கட்டளையில் பேச்சு வந்திருந்தது. இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது.

நிர்மலா காய்கறி மார்க்கெட்டுக்கும் பால் சொசைட்டிக்கும் டீக்கடைக்கும் போய் ஒரே கேள்வியைக் கேட்டார்: "ஏன் வர்ல?" எல்லோரும் பேனரைப் பார்த்திருந்தார்கள். மைக்கையும் கேட்டிருந்தார்கள். பால் ஊற்ற வந்த ஓர் அம்மாதான் பளிச்சென்று சொன்னார்.

"பேனர் ஊருக்கு வெச்சது. எனக்கு யாரு சொன்னாங்க? கூப்புடாம எப்புடி ஒரு மண்டபத்துக்குள்ள வந்து உக்கார்றது?"

நிர்மலா நேராக குருவின் அச்சகத்துக்குப் போனார். செங்கம்மாள் மகாலில் நடக்கிற கல்யாணங்களில் பாதிக்குப் பத்திரிகை அடிப்பது குருதான்.

"ஆயரம் பத்திரிக வேணும் குரு. மஞ்சள் கார்டு, பிள்ளையார் போட்டது."

"யாருக்குக் கல்யாணங்க்கா?"

"நாடகத்துக்கு."

குரு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "மணமகன், மணமகள் எடத்துல என்னா போடறது?"

இரண்டு பேரும் அரை மணி நேரம் யோசித்தார்கள். கடைசியில் ஒரு பக்கம் 'சேலம் நாடகக் குழுவினர்' என்றும், மறுபக்கம் 'கடத்தூர் வட்டார மக்கள்' என்றும் போட்டார்கள். நிகழும் ஆடி மாதம் இருபத்தாறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்தரை மணிக்குமேல் ஏழு மணிக்குள், தங்கள் சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து நாடகத்தைக் கண்டுகளிக்க வேண்டும் என்று எழுதினார்கள். கீழே 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்ற இடத்தில் அறக்கட்டளையின் பெயர், மாதவராஜின் பெயர், கடைசியாக குரு அச்சகம். காசு வாங்க மாட்டேன் என்று குரு சொல்லிவிட்டதால், அவர் பெயரைப் போட வேண்டும் என்பது நிர்மலாவின் பிடிவாதம்.

மாதவராஜிடம் கேட்டுக்கொண்டு பெயரைப் போட்டாரா என்றால், இல்லை.

முதல் பத்திரிகையை யாருக்கு வைப்பது? மண்டபத்தில் வேலை செய்கிறவர்களிடமிருந்தே ஆரம்பிக்கலாம் என்று, தட்டில் வெற்றிலை பாக்கு, குங்குமத்தோடு பின்பக்கம் போனார் நிர்மலா. அங்கே சாலம்மாள் குண்டான்களைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தார். கீழ்த்தெருக்காரர்; பன்னிரண்டு வருடமாக இங்கே பாத்திரம் கழுவுகிறவர். நிர்மலா தட்டை நீட்டியதும் சாலம்மாள் கையைப் புடவையில் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

"என்னா சாலம்மா, வாங்கிக்க."

"இல்ல மேடம். இந்த மண்டபத்துல எத்தன விசேஷத்துக்கு வந்திருப்பேன்! பத்திரிக வாங்கிட்டு வர்றது இதான் மொதத் தடவ."

எங்கள் பக்கம் கல்யாணப் பத்திரிகை எந்தத் தெரு வரைக்கும் போகும், எந்தத் தெரு முனையில் நின்றுவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும்; யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நிர்மலாவும் அதுவரை அதைப் பற்றிப் பெரிதாக நினைத்தவர் அல்ல. அன்றைக்கு நினைத்தார். அன்று மாலையே சாலம்மாளையும் கூட்டிக்கொண்டு கீழ்த்தெருவுக்குப் போய், ஒரு வீடு விடாமல் பத்திரிகை வைத்தார். சர்ச்சுக்குப் பக்கத்து வீடுகளில் குங்குமத்தை விட்டுவிட்டு வெற்றிலை பாக்கு மட்டும் கொடுத்தார். அடுத்த நாள் மேல்தெருவுக்கும் அதே தட்டு, அதே இரண்டு பேர்.

நானும் என் பங்குக்கு ரீடிங் எடுக்கப் போகிற கிராமங்களில் பத்திரிகை கொடுத்தேன். எங்கே போனாலும் ஒரே கேள்வி: "பொண்ணு யாரு?" ஒரு பெரியவர் அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "கடத்தூர் வட்டார மக்கள்னு போட்டிருக்கே, அப்ப நாங்கதான் பொண்ணு வூடா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்படின்னா வந்துதான் ஆவணும்" என்றார்.

எல்லாப் பத்திரிகையும் வைத்து முடிந்த பிறகுதான் சென்றாயன் வந்து கேட்டார். "பத்திரிக வெச்சாச்சு. சாப்பாடு?"

நிர்மலாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பத்திரிகை வைத்தால் பந்தி உண்டு. அதை நினைக்கவே இல்லை. வெண்மதியிடம் கேட்டால், அறக்கட்டளையின் திட்டத்தில் சாப்பாடு கிடையாது.

"அரிசியும் தக்காளியும் யாராச்சும் குடுத்தா நான் கெளறிப் போட்டர்றேன். எங்கையிக்குக் கூலின்னு ஒண்ணும் வேண்டாம்," என்றார் சென்றாயன். "தக்காளிச் சோறு, தயிர்ச் சோறு, ஊறுகா. அதுக்கு மேல ஆசப்படாதீங்க."

அரிசி ஆலைக்காரர் அரிசி கொடுத்தார். மார்க்கெட்டில் தக்காளி விலை படுத்திருந்த நேரம். வியாபாரிகள் கூடை கூடையாகத் தள்ளிவிட்டார்கள். பால் சொசைட்டிப் பெண்கள் தயிர் தருவதாக ஒத்துக்கொண்டார்கள். ஊறுகாய் பாப்பாரப்பட்டியிலிருந்து, நிர்மலாவின் அண்ணன் வீட்டிலிருந்து வந்தது. யாரிடமும் அவர் நன்கொடை என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. "நம்ம வூட்டு விசேஷம், ஒரு கை குடுங்க" என்றார். அவ்வளவுதான்.

ஆடி இருபத்தாறு. நாலரை மணிக்கே கூட்டம் வர ஆரம்பித்துவிட்டது. பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, வேட்டி சட்டை. மினி பஸ்ஸில் ஒரு கிராமமே வந்து இறங்கியது. வாசலில் பன்னீர்ச் செம்போடு குருவின் மனைவி நின்றார். ஐந்து மணிக்கு ஓசூரிலிருந்து ஒரு கார் வந்து நின்றது. மாதவராஜ்.

"நிர்மலா! என்னாம்மா இது? எங்க வூட்ல யாருக்குக் கல்யாணம்னு காத்தாலருந்து எட்டுப் பேரு போன் பண்ணிட்டாங்க. எங்க மாமனாரு, எங்கிட்ட சொல்லாமயே ஒரு கல்யாணமான்னு கோவிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு!"

நிர்மலா பதில் சொல்வதற்குள், வந்தவர்கள் மாதவராஜைச் சூழ்ந்துகொண்டார்கள். பத்திரிகையில் பெயர் இருக்கிறதல்லவா, அவர்தானே விசேஷ வீட்டுக்காரர்? ஆளாளுக்குக் கையெடுத்துக் கும்பிட்டு, "எல்லாம் நல்லபடியா நடக்கட்டுமுங்க" என்றார்கள். அவரும் வேறு வழியில்லாமல் கும்பிட்டு, "வாங்க, வாங்க, உள்ள போயி உக்காருங்க" என்று சொல்லத் தொடங்கினார். கால் மணி நேரத்தில் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை, வராத உறவுக்காரர்களுக்கு போன் போட்டு, "ஏன் இன்னும் வர்ல?" என்று அவரே அதட்டிக்கொண்டிருந்தார்.

உள்ளே முன்வரிசையில் கீழ்த்தெருக்காரர்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஒருவர் முகம் சுளித்துக்கொண்டு நின்றார். நிர்மலா போய், "வந்தவங்க வந்த வரிசைல உக்காந்திருக்காங்க. நீங்க லேட்டு. அந்தா, தூண் பக்கம் எடம் இருக்கு பாருங்க" என்று கையைக் காட்டினார். அவர் கொஞ்ச நேரம் நின்றார். மேடையில் விளக்கு எரிந்ததும், போய்த் தூண் பக்கம் உட்கார்ந்தார்.

நாற்காலிகள் போதவில்லை. நாடகம் ஆரம்பித்த ஐந்தாவது நிமிடத்திலேயே ஹால் அதிரச் சிரித்தார்கள். வரப்புச் சண்டை எங்கள் ஊருக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அண்ணன் பேசும்போது ஒரு பக்கம் "சரிதான்" என்றது. தம்பி பேசும்போது மறுபக்கம் "நாயமாத்தான் பேசறான்" என்றது.

ஆறே கால் மணிக்குத்தான் விபரீதம். சென்றாயன் தக்காளிச் சோற்றைத் தம் திறந்தார். வாசனை ஹாலுக்குள் வந்தது. கல்யாணத்துக்குப் போனவன் முதல் பந்தியைப் பிடிக்க வேண்டும் என்பது எங்கள் ரத்தத்தில் ஊறியது. பின்வரிசையில் நாலு பேர் எழுந்தார்கள். அவர்களைப் பார்த்து நாற்பது பேர் எழுந்தார்கள். மேடையில் மாமரம் முறையிட்டுக்கொண்டிருக்க, பாதி ஹால் டைனிங் பக்கம் நகர ஆரம்பித்தது. மரமாக நின்ற எழிலரசி, விரித்த கையை இறக்க முடியாமல், கண்ணை மட்டும் உருட்டிப் பார்த்தார்.

நிர்மலா ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். டைனிங் ஹால் கதவைச் சாத்தி, வெளியே பூட்டி, சாவியை ஜாக்கெட்டில் செருகிக்கொண்டு, மேடைக்குப் பக்கத்திலிருந்த மைக்கைப் பிடித்தார்.

"எல்லாரும் வந்து உக்காருங்க. மரம் சாயற வரைக்கும் பந்தி கெடையாது!"

ஹால் முழுக்க ஒரே சிரிப்பு. எழுந்தவர்களும் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார்கள். மேடையில் அண்ணனாக நடித்தவர் சும்மா இருக்கவில்லை. தம்பியைப் பார்த்து, "கேட்டியாடா? சீக்கிரம் வெட்டு, ஜனங்க பசியா இருக்காங்க" என்றார். அதற்கு விழுந்த கைதட்டலில் மரமே சிரித்துவிட்டது. ஆனால் கடைசியில் கோடாலி விழுந்து, மரம் சாய, இரண்டு பேரும் ஓடிவந்து தாங்கிய இடத்தில், அத்தனை பேர் இருந்த ஹாலில் சமையல்கட்டில் குழாய் சொட்டுவது கேட்டது.

முடிந்ததும் யாரும் பந்திக்குப் போகவில்லை. எல்லோரும் மேடைக்கு வரிசை கட்டினார்கள். ஒவ்வொரு குடும்பமாக மேலே ஏறி, மூன்று நடிகர்களுக்கும் வாழ்த்துச் சொல்லி, போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். எழிலரசியின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி முறித்தார்கள். "இவ்வளவு நேரம் கைய விரிச்சுட்டே நின்னியே கண்ணு, வலிக்கலியா?" என்று ஒருவர் அவர் தோளைப் பிடித்துவிட்டார். கீழே இரண்டு பெரியவர்கள் மொய் எழுதும் மேஜையைத் தேடி அலைந்தார்கள். மொய் வேண்டாம் என்று நிர்மலா சொன்னதும் ஒருவருக்குக் கோபமே வந்துவிட்டது.

"சும்மா வந்து தின்னுட்டுப் போற ஆளா நானு?"

"அப்ப அடுத்த தடவ வர்றப்ப உங்க காட்டுல என்னா வெளையுதோ, அதக் கொண்டாந்து சென்றாயங்கிட்ட குடுங்க," என்றார் நிர்மலா.

சொன்னது பரவிவிட்டது. புரட்டாசியில் ஒரு பாட்டுக் குழு வந்தபோது, பரங்கிக்காயும் தேங்காயும் ராகியும் புளியும் சமையல்கட்டில் இடம் கொள்ளாமல் குவிந்தன. சென்றாயனின் தம்பி ஒரு மூட்டை அரிசியோடு வந்தார். அண்ணன் தம்பி பேசிக்கொண்டார்களா என்று தெரியாது. ஆனால் மூட்டையை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறக்கினார்கள்.

அப்படியே வருடத்துக்கு மூன்று மாதம் என்பது வழக்கமாகிவிட்டது. அறக்கட்டளை ஆட்களை அனுப்பும். மண்டபம் மாதவராஜ் பொறுப்பு. கரண்ட் பில்லையும் இப்போது அவரே கட்டுகிறார், கேட்டால் "அது என்னா பெரிய இதுவா" என்கிறார். பத்திரிகை குரு. பெண்களையும் பெரியவர்களையும் திருப்பிக் கொண்டுபோய் விடுவதற்கு மினி பஸ்காரர் ஒரு நடை சேர்த்து ஓட்டுகிறார். தெருத்தெருவாகப் பத்திரிகை வைப்பது சாலம்மாள் தலைமையில் ஆறு பெண்கள். அதிலே சாலம்மாள் வைத்தால்தான் வருவோம் என்று சொல்கிற வீடுகள் மேல்தெருவிலேயே இரண்டு மூன்று இருக்கின்றன.

போன வருடம் ஒரு கம்பெனியிலிருந்து சிவக்குமார் என்ற அதிகாரி வந்தார். மேடைக்கு நல்ல விளக்குகள் வாங்கித் தர அவர்கள் தயார். ஆனால் மேடையின் பின்னால் முழு அகலத்துக்கும் கம்பெனி பேனர் வேண்டும். நிகழ்ச்சிக்கு முன் முக்கால் மணி நேரம் விழா, பொன்னாடை, உரை. வெண்மதி நிர்மலாவைப் பார்த்தார். விளக்குகள் தேவைதான்.

நிர்மலா அவரை உட்கார வைத்துக் காபி கொடுத்தார். "சார், பேனர் வெச்சா நடிக்கறவங்க முகம் தெரியாது. முக்கா மணி நேரம் பேசுனா சோறு ஆறிரும். வேற ஒண்ணு பண்ணலாங்களா? இது எங்க வூட்டு விசேஷம். நீங்க தாய்மாமனா வாங்க."

"தாய்மாமனா?"

"பத்திரிகைல ஒங்க கம்பெனி பேர தாய்மாமன்னு போட்டர்றேன். ஊரே படிக்கும். வெளக்க சீர்த்தட்டுல வெச்சு எடுத்துட்டு வாங்க. மேளதாளத்தோட நாங்க கூட்டிட்டு வர்றோம். பேனர ரெண்டு நாள்ல கழட்டிருவாங்க சார். தாய்மாமன யாரும் மறக்க மாட்டாங்க."

சிவக்குமார் போய் மேலே கேட்டுச் சொல்வதாகக் கிளம்பினார். ஒரு வாரம் கழித்து போன் வந்தது. அந்த மார்கழியில், பஸ் ஸ்டாண்டிலிருந்து மண்டபம் வரை பேண்டு வாத்தியம் முன்னே போக, பின்னால் பதினோரு தட்டுகளில் பூவும் பழமும் நடுவே விளக்குமாக ஊர்வலம் வந்தது. முதல் தட்டு சிவக்குமார் கையில். வெயிலில் சட்டை வியர்த்து நனைய, முகமெல்லாம் சிரிப்போடு நடந்தார். சாலம்மாள் ஆரத்தி எடுத்தார். கம்பெனி பெயரைவிட அந்த மனிதர் பெயர் இப்போது ஊரில் எல்லோருக்கும் தெரியும். கடைவீதியில் பார்த்தால் "மாமா, எப்ப வந்தீங்க?" என்கிறார்கள்.

இந்தப் புதிய விளக்கில் முதலில் ஆடியது ஒரு கன்னட நாடகம். கர்நாடக எல்லைப் பக்கத்துக் கிராமங்களில் வீட்டில் கன்னடம் பேசுகிற குடும்பங்கள் நிறைய இருக்கின்றன. அவர்களுக்கென்று ஒன்றும் போடவில்லையே என்று நிர்மலாதான் கேட்டார். வெண்மதி பெங்களூரில் விசாரித்து ஒரு குழுவைப் பிடித்தார்.

அன்று டைனிங் ஹால் கதவைப் பார்த்துக்கொள்ளச் சென்றாயன் இருந்தார், சாவியும் அவரிடம். நிர்மலா கூட்டத்தின் நடுவே ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்குத் தெரிந்த கன்னடம் மார்க்கெட்டில் விலை கேட்கிற அளவுக்குத்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த குள்ளம்மாள் என்ற பெண்மணி, வீட்டில் கன்னடம் பேசுகிறவர், ஒவ்வொரு வசனத்தையும் காதில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு நகைச்சுவைக்கு ஹாலே சிரித்து முடித்த பிறகு குள்ளம்மாள் அதை விளக்கினார். எல்லோரும் அமைதியாக அடுத்த வசனத்தைக் கேட்டுக்கொண்டிருக்க, நிர்மலா மட்டும் தனியாக, சத்தமாகச் சிரித்தார். மேடையில் நின்ற நடிகர் திரும்பிப் பார்த்தார். நிர்மலா வாயைப் பொத்திக்கொண்டு, இன்னும் குலுங்கிக்கொண்டே, "நீங்க நடத்துங்க, நடத்துங்க" என்று கையைக் காட்டினார்.